தார்ப்பாய்க்கு அடியில் தெளிந்த தண்ணீர்

அன்றைக்கும் இளவரசு முந்திக்கொண்டான். படியேறி மூச்சு வாங்க மொட்டை மாடிக்கு வந்த பிரிசில்லா, கிழக்குக் கைப்பிடிச் சுவரோரம் அவனுடைய கண்ணாடித் தட்டு சட்டமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

சிதம்பரத்தில் அந்தக் கல்லூரியின் வேதியியல் கட்டடத்துக்கு எவ்வளவு பெரிய மாடி! இருந்து என்ன பிரயோசனம்? பாதியைத் தண்ணீர் டேங்குகள் பிடித்துக்கொண்டன. மீதியில் படிக்கட்டு அறையின் நிழல் விழும், பக்கத்து வேப்பமரத்தின் நிழல் விழும். நிழல் அண்டாத இடம் அந்தக் கிழக்கு மூலை ஒன்றுதான். கரண்டு பிளக்கும் அங்கேதான். வெயிலை வைத்து ஆராய்ச்சி செய்கிற இரண்டு பேருக்கு ஒரு மூலை. தெருக்குழாயடியில்கூட இதைவிட மரியாதையாகச் சண்டை போடுவார்கள்.

"அது என்னோட எடம். நேத்து போறப்பவே சொல்லிட்டுத்தான் போனேன்" என்றாள்.

"எடத்துல பேரு எழுதி வச்சிருக்கா மேடம்? காட்டு, எடுத்துடறேன்." இளவரசு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இந்த வாரம் பூரா நீதான் வச்சிகினு இருக்குற. எனக்கும் ரீடிங் எடுக்கணும்ல?"

"நான் அண்ணாகிராமத்துலருந்து மொத பஸ்ஸ புடிச்சி வரேன். நீ கூப்புடு தூரத்துல ஹாஸ்டல்ல இருந்துகினு ஆடி அசைஞ்சி வர. தூங்குனவளுக்கு எடம் எங்கருந்து கெடைக்கும்?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, நீளமான ஒயரை இழுத்துப்போட்டு, வேப்பமர நிழல் நகரட்டும் என்று காத்து நின்றாள். வாய்க்குள் அவனுக்கு சகஸ்ரநாம அர்ச்சனை நடந்தது. தினமும் கோயிலுக்குப் போகிற அவன்கூட அவ்வளவு நீளமான அர்ச்சனையைக் கேட்டிருக்க மாட்டான்.

இரண்டு பேரும் பேராசிரியர் ராமாமிர்தத்தின் மாணவர்கள். இரண்டு பேருக்கும் வேலை ஒன்றுதான். வெள்ளைப் பெயிண்டில் கலக்கிற டைட்டானியம் ஆக்சைடு என்ற பொடி, வெயில் பட்டால் விழித்துக்கொள்ளும். தண்ணீரில் இருக்கிற சாயத்தைத் துண்டு துண்டாக உடைத்துப் போடும். பொடி செலவாகாது, வெயிலுக்கு விலை கிடையாது. கேட்பதற்கே எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் வெறும் பொடி, தண்ணீரைப் பால் மாதிரி கலக்கிவிட்டு லேசில் அடியில் இறங்காது. அதனால் அதைக் களிமண்ணில் ஏற்றிச் சுடச் சொன்னார் ராமாமிர்தம். இளவரசு களிமண்ணை ஜாஸ்தியாகச் சேர்த்தான், பிரிசில்லா கம்மியாகச் சேர்த்தாள். அந்த வித்தியாசத்தில்தான் இரண்டு டாக்டர் பட்டங்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

முறைப்படி பார்த்தால் ஒவ்வொரு தடவையும் இன்னொரு தட்டும் வைக்க வேண்டும். அதே சாயத்தண்ணீர், அதே பொடி, ஆனால் வெயில் படாமல் மூடிய தட்டு. மூடிய தட்டில் நிறம் அப்படியே நின்றால்தான், திறந்த தட்டில் வேலை செய்தது வெயில் என்று சொல்ல முடியும். மூடிய தட்டை எந்த மூலையிலும் வைக்கலாமே என்று கேட்பீர்கள். பொடி வேலை செய்யக் காற்றும் வேண்டும்; அதை ஊதுகிற மீன்தொட்டிப் பம்பு ஆளுக்கு ஒன்றுதான் கொடுத்திருந்தார்கள். அதைப் பிடுங்கி மூடிய தட்டில் போட்டால் அன்றைய வெயில் வீண். இதெல்லாம் பார்த்து, முன்னால் படித்த அண்ணன்மார் "இருட்டில் மாற்றம் ஏதுமில்லை" என்று ஆய்வேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனார்கள். பின்னால் வந்தவர்கள் அதைப் பார்த்து எழுதினார்கள். பெரியவர்கள் எழுதியது தப்பாகவா இருக்கும்? இளவரசும் எழுதினான், பிரிசில்லாவும் எழுதினாள்.

தட்டின் அடியில் தங்குகிற சேறு என்னவோ சிவப்பாகத்தான் இருக்கும். "கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும்" என்பார் ராமாமிர்தம். அதை வழித்து உலையில் வைத்துச் சுட்டால் வெளுத்துத் திரும்பி வரும். மறுநாள் அதையே தட்டில் போடுவார்கள். அந்த ஆய்வகத்தில் சமையல்கட்டில் பாத்திரம் கழுவுகிற மாதிரி, யோசிக்காமல் நடக்கிற வேலை அது.

இது 2010ஆம் வருஷத்துக் கத்திரி வெயில் காலம். அந்த மாதம் மூலைச் சண்டை முற்றிப்போனதற்குக் காரணம் இருந்தது. கடலூருக்குத் தெற்கே உப்பனாற்றங்கரையில் தோணித்திட்டு என்ற ஊரில் அடிபம்பு அடித்தால் சிவப்பாகத் தண்ணீர் வந்தது. பக்கத்தில் இருந்த சாயக் கம்பெனியின் வாசலில் ஊர்ச்சனம் உட்கார்ந்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் ராமாமிர்தத்திடம் ஓடி வந்தார்கள். வெயிலில் சுத்தம் செய்கிற பெரிய தொட்டி ஒன்றை ஊரில் கட்டித் தருவது, யாருடைய பொடி நன்றாக வேலை செய்கிறதோ அந்த மாணவரையே அதற்குப் பொறுப்பாகப் போடுவது என்று பேச்சு முடிந்தது.

தோணித்திட்டு பிரிசில்லாவின் ஊர். அவளுடைய அம்மா ஆரோக்கியம்மாள் இன்றைக்கும் அந்த அடிபம்பில்தான் துணி அலசுகிறாள். வெள்ளைச் சீருடை ரோஸ் நிறமாகி, அதையே போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய், வகுப்பே சிரிப்பாய்ச் சிரிக்க நின்றவள் பிரிசில்லா. அன்றைக்குத்தான் வேதியியல் படிப்பதென்று வைராக்கியம் வைத்தாள். என் ஊர்த் தண்ணீரை நான்தான் தெளிய வைப்பேன், அண்ணாகிராமத்து முந்திரித் தோப்பிலிருந்து எவனோ வந்து செய்வதா? நினைக்கவே அவளுக்குக் காந்தியது.

கம்பெனியிலிருந்து மணவாளன் என்ற மேனேஜர் மாடிக்கு வந்து பார்க்கும் நாள் வந்தது. இரண்டு தட்டிலும் கம்பெனியின் சிவப்புத் தண்ணீரையே ஊற்றி, பொடியைப் போட்டு வைத்தார்கள். வழக்கம்போல மூலை இளவரசுக்கு. பம்பு குமிழியிட, அவன் கையை உதறிவிட்டுக் கேண்டீனுக்குச் சாப்பிட இறங்கினான். போகிற போக்கில், "என் தட்டப் பாத்துக்க மேடம். காக்கா வந்து ஒக்காந்துடப் போவுது" என்று வேறு சொல்லிவிட்டுப் போனான்.

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது என்பது இதுதான். ஜெனரேட்டரை மூடுகிற தடித்த தார்ப்பாய் மாடிப் படியோரம் மடித்துக் கிடந்தது. பிரிசில்லா அதைத் தரதரவென்று இழுத்துவந்து அவன் தட்டின்மேல் இரண்டு மடிப்பாகப் போட்டாள். நான்கு பக்கமும் செங்கல் வைத்தாள். துளி வெளிச்சம் போக வழியில்லை. வந்து பாக்கட்டும் மேனேஜரு, குங்குமம் கரைச்ச மாதிரி நிக்கட்டும் அவன் தண்ணி என்று கறுவிக்கொண்டாள். பாவம், புண்ணியம் ஒன்றும் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. மனசு குளுகுளுவென்று இருந்தது.

படியில் பேச்சுக்குரல் கேட்டதும் ஓடிப்போய்த் தார்ப்பாயை உருவினாள். உருவியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தண்ணீர் தெளிந்திருந்தது. தட்டின் அடியில் சிவப்புச் சேறு, அதன்மேல் பளிங்காகத் தண்ணீர். அவளுடைய தட்டும் தெளிந்துதான் இருந்தது, ஆனால் அது வெயிலில் காய்ந்த தட்டு. இது இருட்டில் கிடந்த தட்டு. எப்படித் தெளியும்?

"பிரமாதம்!" என்றார் ராமாமிர்தத்தோடும் இளவரசோடும் ஏறி வந்த மணவாளன், இளவரசின் தட்டைக் குனிந்து பார்த்து. "கண்ணாடியாட்டம் இருக்கு சார். இதையே வச்சிக்கலாம்."

இளவரசு அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். திருடனுக்குத் தேள் கொட்டினால் வாயைத் திறந்து கத்த முடியுமா? தார்ப்பாயின் கறுப்பு ஒட்டிய கையைப் பிரிசில்லா பின்னால் மறைத்துக்கொண்டாள். ஆனால் விஷயம் அவளுக்கு விளங்கிவிட்டது. அவன் பொடி சாயத்தை உடைக்கவில்லை. அவன் வாரிக் கொட்டிய களிமண் சாயத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். உடைத்ததெல்லாம் கீழே இருக்கிற உலை. தோணித்திட்டில் உலைக்கு எங்கே போவார்கள்?

சாயங்காலம் ராமாமிர்தத்தின் அறைக்குப் போய் நடந்ததை அப்படியே சொன்னாள். தார்ப்பாயையும் சொன்னாள். வேறு வழியில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அவன் தட்ட நீ மூடுன."

"ஆமா சார். அது தப்புத்தான். ஆனா மூடியும் தெளிஞ்சிடுச்சி சார். வெயிலே படல."

"நீ மூடுனத நீதான் சொல்ற. வேற யாரு பாத்தா? பொறாமைல பேசறன்னு அவன் சொன்னா நான் என்னா சொல்றது?"

"சார், அந்தச் சேத்த ஊர்ல எங்க கொட்டுவாங்க? எங்க ஊருக்குள்ளதான கொட்டுவாங்க!"

"அது கம்பெனி பாத்துக்கும். தண்ணி தெளியுதா, இல்லையா? அத மட்டும் பாரு." குரல் தணிந்தது, அதுதான் பயமாக இருந்தது. "உன் தீசிஸ்ல நான் இன்னும் கையெழுத்துப் போடல பிரிசில்லா. ஞாபகம் வச்சிக்க. தோணித்திட்டுல ஊர்ச்சனத்துக்கு முன்னாடி செஞ்சி காட்டப் போறம், நீயும் வா. உங்க ஊரு ஜனம், நீ வந்து நின்னா சத்தம் போடமாட்டாங்க."

ஓஹோ, அதற்காகத்தான் கூப்பிடுகிறாரோ! கூட்டத்தை அடக்கத் தன்னைக் கொண்டுபோய் நிறுத்தப் போகிறார்கள். சரி சார் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். நேராக ஆய்வகத்துக்குப் போய், தன் தட்டையும் தன் பொடியையும் பம்பையும் ஒரு பையில் கட்டினாள். தோணித்திட்டில், எல்லார் முன்னாலும், இரண்டு தட்டையும் மூடச் சொல்வாள். அவனுடையது தெளியும், தன்னுடையது சிவப்பாகவே நிற்கும். அப்போது தெரியும் யாருடைய பொடி நிஜம் என்று. தன் பொடியில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. ஒரு தடவை அதை மூடி வைத்துப் பார்ப்போம் என்று தோன்றவே இல்லை. எதிரியின் தட்டை மூடத் தெரிந்தவளுக்குத் தன் தட்டை மூடத் தெரியவில்லை.

தோணித்திட்டில் மாதா கோயிலுக்கு எதிரே பந்தல் போட்டிருந்தார்கள். ஊரே திரண்டு நின்றது. ஒரு முகத்திலும் சிரிப்பில்லை. ஜீப்பிலிருந்து பிரிசில்லா இறங்கியதும், கம்பெனி வாசல் போராட்டத்தை முன்னால் நின்று நடத்திய தைலம்மாள் எடுத்த எடுப்பில் பிடித்துக்கொண்டாள்.

"வாடியம்மா வா! படிக்கப் போறா, படிக்கப் போறான்னு பாத்தா கம்பெனிக்காரன் ஜீப்புல வந்து எறங்குற? ஏ ஆரோக்கியம், ஒம் மவ சேர்ந்த எடத்தப் பாத்தியா?"

ஆரோக்கியம்மாள் மகளைப் பார்க்கவில்லை. கையில் குடத்தோடு ஒரு ஓரமாக நின்றாள். அதைவிட அவள் நாலு அறை விட்டிருக்கலாம்.

இளவரசு மேஜைமேல் தட்டை வைத்தான். ஊர் அடிபம்பின் சிவப்புத் தண்ணீரை ஊற்றினான். பிரிசில்லா தன் பையைத் திறந்து, அவன் தட்டுக்குப் பக்கத்தில் தன் தட்டை டக்கென்று வைத்தாள்.

"இதென்னா இது?" என்றான் அவன்.

"என்னோட தட்டு. ரெண்டையும் போடலாம்." பிறகு கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "வெயில்தான் இந்தச் சாயத்த ஒடைக்குதுன்னு இவுங்க சொல்லப் போறாங்க. அப்ப வெயில் படாம மூடி வச்சா தண்ணி சிவப்பாவே இருக்கணும். மொதல்ல ரெண்டையும் மூடிப் பாப்பம்."

ராமாமிர்தத்தின் முகம் சுருங்கிப்போனது. "பிரிசில்லா, இங்க வா இப்பிடி."

"மூடிப் பாத்தா என்னா சார் கொறஞ்சிடும்?" என்றாள் தைலம்மாள். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்துவிட்டது. "மூடுங்கப்பா! எலேய், அந்தப் படகுத் தார்ப்பாயக் கொண்டாங்கடா!"

அப்புறம் யார் தடுப்பது? பந்தலுக்குக் கீழே மேஜை, மேஜைமேல் அவரவர் பொடி போட்ட இரண்டு தட்டு, அதன்மேல் மீன்வாடை அடிக்கிற தார்ப்பாய். பம்பு இரண்டும் உள்ளே உறுமிக்கொண்டிருந்தன. மணவாளன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இளவரசு பிரிசில்லாவின் பக்கத்தில் வந்து நின்று, உதடு அசையாமல் பேசினான்.

"அன்னைக்கி எந் தட்ட மூடுனது நீதான? ஓரத்துல செங்கல் தூசு கெடந்தப்பவே நெனச்சேன்."

"நானேதான். நாலு பேரு முன்னாடி சொல்லட்டுமா?"

"நீயெல்லாம் ஒரு மனுஷி!"

"நீ பெரிய மனுஷன், போடா."

வேர்த்து ஊற்ற, சனம் முணுமுணுக்க, மாதா கோயில் மணி அடித்தது. தைலம்மாள்தான் தார்ப்பாயை உருவினாள்.

இளவரசின் தட்டு தெளிந்திருந்தது. பிரிசில்லா அதை ஒரு நொடிதான் பார்த்தாள். பார்வை தன் தட்டுக்குத் தாவியது.

அதுவும் தெளிந்திருந்தது.

முழுக்க இல்லை. உற்றுப் பார்த்தால் ரோஜாப்பூ கழுவின தண்ணீர் மாதிரி லேசாக ஒரு சாயல். அந்தச் சாயலைப் போக்குகிற வேலைதான் நாலு வருஷமாக வெயில் செய்த வேலை. மற்றதெல்லாம் களிமண். ஐயோ, நான் எழுதினதும் பொய்யா?

இளவரசு மெல்லச் சிரித்தான். "தன் மூக்க அறுத்துக்கினாவது எதிரிக்குச் சகுனத்தடை பண்ணுவாங்களாம். நல்லா அறுத்துக்கின."

மணவாளனுக்கு உயிர் வந்துவிட்டது. முன்னால் வந்து கையை விரித்தார். "பாருங்கம்மா! வெயில்ல போனா என்னா, நெழல்ல போனா என்னா? சாயம் பூடுச்சா இல்லையா? மழைக்காலத்துலயும் வேல செய்யுது, இன்னும் நல்லதாப் போச்சி. தொட்டி கட்டிடலாம். இந்த வண்டல ஆத்தோரமா ஒரு பள்ளம் வெட்டிக் கொட்டிக்கலாம்."

கூட்டத்தில் தலைகள் ஆடத் தொடங்கின. தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது, இந்தப் பெண் என்னத்துக்குக் கூத்தடிக்கிறாள் என்று ஒருவன் கேட்டான். ராமாமிர்தம் அவள் தோளருகே குனிந்து, "போதும்மா. இத்தோட விட்டுட்டா உன் தீசிஸ் கையெழுத்து எங்கயும் போவாது. காலேஜுக்குப் போய் பேசிக்கலாம்" என்றார், தேன் தடவிய குரலில்.

விட்டுவிட்டால் போதும். யாரும் அவளைக் குற்றம் சொல்லப் போவதில்லை. தண்ணீர் தெளியத்தான் செய்கிறது, ஊரே கண்ணால் பார்த்தது. டாக்டர் பிரிசில்லா என்று அம்மா வீட்டு வாசலில் பலகைகூட மாட்டலாம். ஆற்றோரத்துப் பள்ளம்! உப்பனாற்றில் கடல் ஏறும், பௌர்ணமிக்குப் பௌர்ணமி தண்ணீர் கரையைத் தாண்டும். உப்புத் தண்ணீர் பட்டால் களிமண் எதைப் பிடித்துவைத்திருக்கும்? அது அவளுக்குத் தெரியும், ராமாமிர்தத்துக்கும் தெரியும். வேதியியல் கட்டடத்தில் முதல் வருஷப் பையனுக்குக்கூடத் தெரியும்.

அம்மாவின் பக்கம் திரும்பினாள். "எம்மா, அந்தக் கொடத்துல ஆத்துத் தண்ணி கொண்டா."

ஆரோக்கியம்மாள் முதல் தடவையாக மகளின் முகத்தைப் பார்த்தாள். கரையில் இறங்கி மொண்டு வந்தாள்.

இளவரசின் தட்டில் ஊற்றினால் பொறாமை என்பார்கள். பிரிசில்லா தன் தட்டைத் தூக்கினாள். மேலே நின்ற தெளிந்த தண்ணீரைத் தரையில் கொட்டினாள். அடியில் மிஞ்சிய சிவப்புச் சேற்றில் உப்பனாற்றுத் தண்ணீரை ஊற்றி, விரலை விட்டுக் கலக்கினாள். சேறு படிந்தது. மேலே நின்ற தண்ணீர் சிவந்துகொண்டே வந்தது. அடிபம்பில் வருகிற அதே சிவப்பு, ஊருக்கே தெரிந்த சிவப்பு.

"இதான் நான் பண்ண பொடி" என்றாள். "சாயம் எங்கயும் போவல. மண்ணுல ஒளிஞ்சிகினு இருக்கு. ஆத்தோரம் கொட்டுனீங்கன்னா அடுத்த பௌர்ணமிக்கு இப்பிடித்தான் திரும்பி வரும். தொட்டிக்கு ஒத்துக்காதீங்க. என்னுதுக்கும் ஒத்துக்காதீங்க, அவனுதுக்கும் ஒத்துக்காதீங்க."

தைலம்மாள் அந்தத் தட்டை அவள் கையிலிருந்து பிடுங்கினாள். மணவாளனுக்கு நேராக நீட்டினாள். "இந்தா, நீயே எடுத்துகினு போ. ஒங் ஊட்டுக் கொல்லையில பள்ளம் வெட்டிக் கொட்டு!" அவ்வளவுதான், கூட்டம் மேஜையை நெருக்கியது. மேஜை சாய்ந்தது, இளவரசின் தட்டு விழுந்து நொறுங்கியது. ஜீப் பின்பக்கமாகவே தெருவைவிட்டு ஓடியது. அதில் ஏறும் முன்பு ராமாமிர்தம் அவளிடம் ஒன்றுதான் சொன்னார். "இனிமே என் லேப் படியேறாத."

ஜீப்பில் இடமிருந்தும் ஏறாமல் இளவரசு நின்றான். உடைந்த கண்ணாடியைக் காலால் ஒதுக்கினான். அவனுடைய நாலு வருஷமும் அங்கேதான் கிடந்தது. "சந்தோஷமா?" என்று கேட்டான்.

"இல்ல" என்றாள் பிரிசில்லா.

அவன் துப்பிவிட்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தான். அவள் கூப்பிடவில்லை.

பந்தல்காரர்கள் கம்பைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். ஆரோக்கியம்மாள் மகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். வெயிலில் கறுத்துத் தோலுரிந்த அந்த முகத்தையும், சாயம் ஏறிய விரல்களையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்ப நாலு வருஷமா அந்த மாடில என்னாத்துக்குடி காஞ்ச?"

பிரிசில்லா திரும்பி நடந்தாள். அடிபம்பு மேடைக்குப் போய்க் கையை நீட்டினாள். அம்மா பம்பை அடித்தாள். சிவப்புத் தண்ணீர் கொட்டி, விரலில் இருந்த சிவப்பின்மேல் விழுந்தது. எவ்வளவு தேய்த்தும் கை வெளுக்கவில்லை.